காக்கா எங்க இருக்கும்?

— நீங்க ஒண்ணும் பேச வேணாம் டீச்சர். டி.சி.ய மட்டும் கையில குடுத்துருங்க. நீங்க பேசுனா எனக்கு மனசு மாறிப்போகும்.

— நான் ஒண்ணும் சொல்லலையேக்கா. ஒக்காருங்க.

— இந்தா, ஒக்காருங்கன்னு சொல்றீங்கள்ல, அதத்தான் சொல்றேன். ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன்.

— டி.சி. ரெடியா இருக்கு. ஹெச்.எம். சார் கையெழுத்துப் போட்டுட்டாங்க. பீரோவுல வச்சிருக்கேன். தண்ணியாச்சும் குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க.

— குடுங்க. எங்க அவ?

— ஹம்னாவா? வராண்டாவுல கூட்டிக்கிட்டு இருக்கா. மத்த பிள்ளைங்கல்லாம் போயாச்சு.

— கூட்டுறாளா! வீட்டுல தொடப்பத்தத் தாண்டிப் போவாளே தவிர எடுத்து ஓரமா வைக்க மாட்டா.

— இங்க தனக்குன்னு ஒரு வேலை வச்சிருக்கா. அப்பறம் சொல்றேன்.

— அவகிட்ட ஒரு தூக்கு குடுத்துட்டு வந்திருக்கேன். வட்டலாப்பம். ஒங்களுக்குத்தான். காகம் மூடியத் தட்டிவிட்டுரும், பக்கத்துலயே நில்லுடின்னா, இவ கூட்டிட்டுத் திரியுறாளாக்கும்.

— எதுக்குக்கா இதெல்லாம்?

— எதுக்கா? அல்லாவே! ஒரு வருஷமா எம்புள்ள அழுவாம ஸ்கூலுக்குப் போயிருக்கு டீச்சர். அறந்தாங்கி ஸ்கூலுக்கு வேன் வருதுன்னாலே கட்டிலுக்கு அடியில போயிப் பூந்துக்குவா. கால்ல புடிச்சு இழுக்கணும். இங்க வந்தப்பறம் ஞாயித்துக்கிழம கூட பைய மாட்டிக்கிட்டு நிக்கிறா. அதுக்கு வட்டலாப்பம் பத்தாது. ஆடு அறுக்கணும்.

— அப்பறம் ஏன் கூட்டிட்டுப் போறீங்க?

— பாத்தீங்களா! பேச ஆரம்பிச்சுட்டீங்க.

— கேக்கத்தான் செஞ்சேன்.

— நானா கூட்டிட்டுப் போறேன்? அப்துல்லா. என் மவன். அவன் வாப்பா மவுத்தாயி அடக்கம் பண்ணுனப்ப இவ தொட்டில்ல கெடந்தா. ரொம்பப் பிந்திப் பொறந்தவ. அவன் காலேஜ விட்டுட்டு சவுதிக்கு, தம்மாமுக்குக் கெளம்புனவன்தான், இன்னும் ஊரு திரும்பல. கிரேன் ஓட்டுறான். இவ நடக்க ஆரம்பிச்சு நேர்ல பாத்தது கூட இல்ல. ஃபோன்லதான் பாத்துக்கிறாங்க ரெண்டு பேரும். ஆனா வீட்டுக்கு அவந்தான் தலை. அவன் சொன்னா மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

— அவங்க என்ன சொல்றாங்க?

— திருச்சியில ஒரு ஸ்கூலாம். மெதுவாப் படிக்கிற புள்ளைங்களுக்குன்னே நடத்துறாங்களாம். ஆஸ்டல்ல விடணும். எடம் சொல்லி வச்சுட்டான். திங்கக்கெழம சேக்கணும்.

— ஆஸ்டல்லயா? ஒண்ணாவது படிக்கிற பிள்ளையவா?

— நான் கேக்காததா? ராத்திரி என் கைய மேல போட்டுக்காம தூங்க மாட்டாடான்னேன். அவ வாழ்க்க வீணாப் போகக் கூடாதும்மான்னு அவன் கொரல் ஒடையுது. சரின்னுட்டேன். இன்னைக்கு நீங்க டீச்சர்கிட்ட இருக்குறப்ப ஃபோன் பண்ணுறேன், நானே பேசுறேன்னு சொல்லிருக்கான். நீங்க பாட்டுக்கு வழக்கம்போல சரிங்க சரிங்கன்னு சொல்லிறாதீங்க டீச்சர்.

— நான் பேசக் கூடாதுன்னு நீங்கதானேக்கா இப்பச் சொன்னீங்க?

— எங்கிட்ட பேசாதீங்கன்னேன். அவன்கிட்ட பேசுங்க. இந்தா, அடிக்கிது. அவந்தான். ஸ்பீக்கர்ல போடுறேன். அப்துல்லா! டீச்சர் பக்கத்துலதான்டா இருக்கேன்.

— அஸ்ஸலாமு அலைக்கும்மா. டி.சி. வாங்கியாச்சா?

— வஅலைக்கும் ஸலாம். கேட்டிருக்கேன். என்னடா லைன் இன்னைக்கு இவ்ளோ சுத்தமா இருக்கு? எப்பவும் கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கும்.

— வேற சிம்மு போட்டிருக்கேம்மா.

— அது என்ன ஹாரன் இந்தப் போடு போடுது?

— வண்டியில போயிட்டிருக்கேன். அத விடுங்க. டீச்சர் இருக்காங்களா?

— இருக்கேங்க. வணக்கம். ஷர்லி பேசுறேன்.

— வணக்கம் டீச்சர். மொதல்ல ஒங்களுக்கு நன்றி சொல்லிக்கிறேன். உம்மா ஒங்களப் பத்திப் பேசாத நாள் இல்ல. அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் சொல்றேன். ஆனா பிராக்டிகலாப் பேசுவோம். அறந்தாங்கி ஸ்கூல்ல டெஸ்ட் வச்சாங்க. சாதாரணக் கேள்விக்குக் கூட சம்பந்தமில்லாம பதில் சொல்லுதுன்னு சொன்னாங்க. ஒண்ணாவது ஏத்த மாட்டோம்னுட்டாங்க. நானாச் சொல்லல. படிச்சவங்க சொல்றாங்க.

— டெஸ்ட்ல என்ன கேட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுங்களா?

— படத்த வச்சுக் கேட்டாங்களாம்.

— அக்கா, ஒங்களுக்கு?

— என்னைய எங்க உள்ள விட்டாங்க? பெத்தவங்க இருந்தா புள்ள பேசாதுன்னு வெளிய வாட்ச்மேன் பக்கத்துல ஒக்கார வச்சுட்டாங்க.

— எனக்கும் நேத்துதான் தெரிஞ்சுது. அவ வாயாலயே கேளுங்க. ஹம்னா! தொடப்பத்த அங்கயே வச்சுட்டு இங்க வாம்மா.

— இன்னும் முடியல டீச்சர். மூலையில மண்ணு இருக்கு.

— அப்பறம் கூட்டலாம். ஃபோன்ல யாரு பேசுறாங்கன்னு பாரு, வா.

— காக்காவா! காக்கா, நான் ஹம்னா. உம்மா, தூக்க சன்னல்ல வச்சிருக்கேன். காகம் தூரமாத்தான் இருக்கு.

— நேத்து எங்கிட்ட சொன்னியே, அறந்தாங்கி மிஸ் டெஸ்ட் வச்சது. அத உம்மாவுக்கும் சொல்லு.

— அதுவா. மிஸ்ஸு கையில ஒரு அட்ட வச்சிருந்துச்சு. எனக்குக் காட்டவே இல்ல. அது பக்கமே திருப்பி வச்சிருந்துச்சு. அதான். அப்ப, காக்கா எங்க இருக்கும்னு கேட்டுச்சு. தம்மாம்ல இருக்கும்னு சொன்னேன்.

— யா அல்லா.

— காக்கா என்ன திங்கும்னு கேட்டுச்சு. குப்பூஸ் ரொட்டி திங்கும்னு சொன்னேன்.

— அடியே!

— காக்கா எப்டிக் கத்தும்னு கேட்டுச்சு. காக்கா கத்தாது, உம்மாதான் கத்தும்னு சொன்னேன். அதான். மிஸ்ஸு என்னமோ எழுதிக்கிட்டே இருந்துச்சு. அப்பறம், காக்காவுக்கு றெக்க இருக்கான்னு கேட்டுச்சு. இல்ல, கிரேன் இருக்குன்னு சொன்னேன்.

— ஹலோ? அப்துல்லா? டேய், சிரிக்கிறியா அழுவுறியா?

— ஒண்ணுமில்லம்மா.

— டீச்சர், எங்க வீடுகள்ல அண்ணனத்தான காக்காம்போம். பறக்குறத எவ காக்காங்குறா? அது காகம்.

— எனக்கும் தெரியாமப் போச்சுக்கா. எங்க ஆவூர்ல அண்ணன்னா அண்ணந்தான், காக்கான்னா பறக்குறதுதான். இவ ஒருநாள், காக்காகிட்ட ஃபோன்ல பேசுனேன்னு சொன்னா. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சு, காக்கா என்ன சொல்லுச்சுன்னு நானும் வெளையாட்டாவே கேட்டேன். நல்லாப் படின்னு சொல்லுச்சுன்னா. கதை விடுறா, நல்லாத்தான் விடுறான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன்.

— நேத்து டீச்சரும் பறக்குறதக் காட்டி காக்கான்னாங்க உம்மா. எனக்குச் சிரிப்பு தாங்கல.

— அப்பத்தான் வெவரமே வெளிய வந்துச்சு. காகம்னு சொல்லிச் சொல்லித் திருத்துறா. என் வாயிலதான் இன்னும் வர மாட்டேங்குது.

— போம்மா ஹம்னா, போயிக் கூட்டு. காக்கா டீச்சர்கிட்ட பேசணும்.

— சரி காக்கா.

— டீச்சர், ஒத்துக்கிறேன். அந்தக் கேள்வியில அவ மேல தப்பில்ல. ஆனா ஒரு கேள்விய வச்சு ஆஸ்டல் வேணாம்னு சொல்ல முடியாதுல்ல? ரெண்டு வருஷம் அங்க போயிட்டு அ ஆ கூட எழுதல. போர்டப் பாத்து எழுதச் சொன்னா சன்னலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும். அது உண்மதானே?

— உண்மதாங்க. இங்கயும் மொதல்ல அப்டித்தான் இருந்தா.

— அப்ப?

— எழுத்து வரிசைய செவுத்துல பெரிசா ஒட்டியிருக்கேன். ஒவ்வொரு பிள்ளையா வந்து பேரோட மொத எழுத்தத் தொடச் சொன்னேன். ஐயனார் வந்து ஐ-யத் தொட்டான். கண்ணன் க-வத் தொட்டான். இவ வந்து நின்னு, மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, பேசாமப் போயி ஒக்காந்துட்டா. தெரியலைன்னு நெனச்சேன். சாயந்தரம் நானே தேடிப் பாத்தேன். அந்த வரிசையில ஹ இல்லங்க.

— இல்லையா?

— ன-வோட முடிஞ்சுருது. ஹ, ஷ, ஸ எல்லாம் அதுல போட மாட்டாங்க. ஹம்னாவுக்கும் இல்ல, கூடப் படிக்கிற ஷீபாவுக்கும் இல்ல. ஷர்லிக்கும் இல்ல. நான் பள்ளிக்கூடத்துல படிச்சப்பவும் என் எழுத்து அதுல இருந்திருக்காது. நான் தேடுனதே இல்ல. இவ தேடியிருக்கா.

— ம்.

— மறுநாள் கீழ ஒரு அட்டை ஒட்டி ஹ-வும் ஷ-வும் எழுதினேன். நீயும் நானும் ஒரே கட்சின்னு சொன்னேன். அன்னைக்குத்தான் மொத தடவ என்னப் பாத்துச் சிரிச்சா.

— இத நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே டீச்சர். கேட்டாச் சொல்லுவீங்க. கேக்காட்டி ஒங்க வாயில சரிங்கக்காவத் தவிர என்ன வந்திருக்கு?

— எனக்குப் பெரியவங்ககிட்ட பேச வராதுக்கா. இன்னைக்குத்தான் இவ்ளோ பேசுறேன்.

— நல்லாத்தான் பேசுறீங்க. அப்துல்லா, செருப்புக் கதையக் கேளுடா டீச்சர்கிட்ட. வீட்டுல இவ அந்தச் செருப்புக் கதைய அரைகொறையாச் சொல்றா, எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது.

— என்ன செருப்பு டீச்சர்?

— நான் இங்க வேலைக்கு வந்த மொத நாளுங்க. கடலப் பாத்ததே அன்னைக்குத்தான். யாரையும் தெரியாது. சாயந்தரம் வெளிய வந்தா செருப்பக் காணோம். பிள்ளைங்க எங்கயோ ஒளிச்சு வச்சுட்டாங்க, வெளையாடுறாங்கன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாத்தா, தூண் பக்கத்துல நெழல்ல, ரெண்டும் சோடியா, வெளியப் பாத்த மாதிரி திருப்பி வச்சிருந்துச்சு. வெயில்ல கெடந்தா கால் சுடும்ல, அதான் எடுத்து வச்சேன்னா ஹம்னா. எல்லாப் பிள்ளைங்க செருப்பையும் அப்டித்தான் செய்வா. வெயில் நகர நகர வெளிய போயி நகத்தி வச்சுட்டு வருவா. ஒரு சோடி கூட மாறாது. நல்லாப் பாத்தா, உள்ள பிள்ளைங்க எந்த வரிசையில ஒக்காந்திருக்காங்களோ அதே வரிசையில வெளிய செருப்பு இருக்கும். ஒருநாள் வேணும்னே எல்லாரையும் எடம் மாத்தி ஒக்கார வச்சேன். அடுத்த மணியில பாத்தா செருப்பும் மாறியிருந்துச்சு.

— சன்னலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும்னு சொன்னேனே, அது...

— செருப்பப் பாத்துக்கிட்டு இருந்திருப்பா. அறந்தாங்கியில என்னத்தப் பாத்தான்னு எனக்குத் தெரியாது. ஆனா இங்க அதத்தான் பாத்தா.

— கேட்டியாடா? நான் அவள மந்தம்னு திட்டியிருக்கேன். அல்லா என்னை மன்னிக்கணும்.

— விடுங்கக்கா. எனக்கு ட்ரெயினிங்ல ஒரு பாடம் இருந்துச்சு. அறிவு ஒண்ணே ஒண்ணு இல்ல, பல வகைன்னு. ஒருத்தருக்குச் சத்தத்துல வரும், ஒருத்தருக்கு ஒடம்பு அசைஞ்சா வரும், ஒருத்தருக்கு எடத்துல வரும், ஆளுங்க வழியா வரும். எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி எழுதி நல்ல மார்க் வாங்கினேன். பேப்பரக் குடுத்துட்டு வெளிய வந்ததோட மறந்தும் போனேன். இந்த வராண்டாவுல நின்னப்பத்தான் அது ஞாபகம் வந்துச்சு. ஐயனாரு டெஸ்க்குல தாளம் போட்டாத்தான் கூட்டல் போடுவான். அதுவரைக்கும் சத்தம் போடாதன்னு அவன நான் வெளிய நிக்க வச்சிருக்கேன்.

— ஐயனாரையா? அந்தப் பையன் மீன் கூடையிலயே மேளம் அடிப்பான் டீச்சர். அவங்க அம்மா புலம்பாத நாள் இல்ல.

— சரி டீச்சர், செருப்புக்கு வருவோம். அதுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

— வராண்டாவுல நெழல் விழுற எடமாப் பாத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் போட்டேன். கட்டத்துல அவங்க எழுத்த எழுதினேன். க-வுல கண்ணன் செருப்பு, பா-வுல பாலாஜி செருப்பு, ச-வுல சந்தனமேரி, ம-வுல மதினா. ரெண்டே நாள்ல இவ எல்லாத்தையும் சொன்னா. அவளுக்கு அது எழுத்து இல்லங்க, ஆளுங்க. அப்பறம் பா-வுல பக்கத்துல வர்ற கோட்டுக்குத் துணைக்கால்னு பேருன்னு சொன்னேன். சிரிப்பு அடங்கவே இல்ல. எழுத்துக்குக் கால் இருக்கா டீச்சர்னு கேட்டா. கால் இருந்தா செருப்பும் இருக்கணும்ல.

— புள்ளி வச்ச எழுத்து? அதுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?

— நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அவதான் சொன்னா. புள்ளி வச்சா வெறுங்காலாம். சத்தம் இல்லாம வருமாம். அதவிட நல்லா எனக்குச் சொல்ல வராதுங்க. இப்ப மொத்த க்ளாஸும் வெறுங்கால்னுதான் சொல்லுது.

— டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. அவளுக்கு ஒரு தடவ கேட்டாப் போதும், அப்டியே ஒப்பிப்பா. குர்ஆன்ல யாசீன் சூராவையே பாதி எங்கிட்ட ஃபோன்ல சொல்லுவா. படிக்கிற மாதிரித் தெரியும். மனப்பாடமா இருக்கும்.

— நியாயமான சந்தேகந்தாங்க. நீங்களே ஒரு வார்த்தை குடுங்க. அக்கா, ஸ்பீக்கர அமத்திட்டு ஃபோன எங்கிட்ட குடுங்க. ம், சொல்லுங்க. சரி. சரி, எழுதுறேன். இந்தாங்கக்கா, ஸ்பீக்கர் போட்டுருங்க. ஹம்னா!

— இப்பவும் முடியல டீச்சர்.

— தெரியும். இத மட்டும் பாத்துட்டுப் போ. போர்டுல யாரெல்லாம் நிக்கிறாங்க?

— த, தங்கமுத்து. அப்பறம் மதினா, வெறுங்காலு. ம். அப்பறம் மறுபடியும் மதினா, அவளுக்குத் துணைக்கால். மா. அப்பறம் திரும்பவும் வெறுங்காலு.

— சேத்து நடந்து வரச் சொல்லு.

— த... ம்... தம்... மா... தம்மா... ம். தம்மாம். தம்மாம்! உம்மா, காக்கா இருக்குற ஊரு! டீச்சர், ஒங்களுக்கு எப்டித் தெரியும்?

— எம்புள்ள. எம்புள்ள படிச்சுருச்சே.

— உம்மா, ஏன் அழுவுற? நான் சரியாத்தான சொன்னேன்.

— சரியாத்தாண்டி சொன்ன. போ, போயிக் கூட்டு. மூக்கத் தொடச்சுட்டுப் போ. அப்துல்லா, கேட்டியா? டேய்?

— கேட்டேம்மா.

— புத்தகத்துல வராதது செருப்புல வந்திருக்கு பாருடா.

— எனக்கும் இப்டித்தாம்மா. கிரேன் லைசென்ஸுக்குப் புத்தகம் குடுத்தாங்க. ஒரு எழவும் ஏறல. கூட வந்தவன்லாம் தேறிட்டான். சூப்பர்வைசர் ஒருத்தர், மலையாளி, புத்தகத்த மூடிட்டு சீட்டுல ஏறுடான்னாரு. ஏறுனப்பறம் கை தானாப் புரிஞ்சுக்கிச்சு. அவருக்காக இன்னைக்கும் துஆ கேக்குறேன். அத மறந்துட்டு நான் எந்தங்கச்சிக்கு ஆஸ்டல் பாத்திருக்கேன் பாருங்க.

— நீங்க அவ நல்லதுக்குத்தாங்க பாத்தீங்க. இன்னொண்ணு சொல்லலாமா?

— சொல்லுங்க டீச்சர்.

— கட்டமெல்லாம் போட்டு முடிச்சப்பறம் ஓரத்துல ஒண்ணு மிச்சமாப் போச்சு. ஹம்னா சாக்பீஸ எடுத்து அதுல அ-ன்னு எழுதினா. தானா எழுதின மொத எழுத்து அதுதாங்க. நம்ம க்ளாஸ்ல அ-வுல யாரும் இல்லையே, இது யாருன்னேன். அப்துல்லான்னா. எந்த க்ளாஸுன்னு கேட்டேன். வருவாங்கன்னு மட்டும் சொன்னா. பெயிண்ட் அடிச்சப்ப அதையும் சேத்து அடிச்சுட்டேன். அதுல ஒருத்தரையும் செருப்பு விட விட மாட்டா. பிள்ளைங்க எல்லாம் போனப்பறம் தெனம் அந்தக் கட்டத்த மட்டும் கூட்டி வைப்பா. இப்பவும் அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கா.

— டீச்சர், ஸ்கூலப் பாக்க கல்வி ஆபீசர் வந்தாரே, அன்னைக்கு என்னமோ நடந்துச்சுன்னு பிள்ளைங்க சொல்லுச்சே?

— அவர் தெரியாம அ-வுல ஷூவக் கழட்டிட்டாருக்கா. திரும்பி வந்து பாத்தா ஷூ நடு வெயில்ல கெடந்துச்சு. மத்தவங்க செருப்ப நெழல்ல வைக்கிற பிள்ளை. நான் பயந்து போயிட்டேன். நல்ல மனுஷர், குதிச்சுக் குதிச்சு மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

— அடிப் பாவி! இவ எங்கிட்ட இதெல்லாம் மூச்சே விடலையே. அப்துல்லா, கேட்டியாடா ஒந்தங்கச்சி பண்ணுற சேட்டைய? ஹலோ? இருக்கியா?

— இருக்கேம்மா. டீச்சர், அந்தக் கட்டம் எங்க இருக்குன்னீங்க?

— வராண்டா ஓரத்துல. தூணுக்குப் பக்கத்துல. கடைசிக் கட்டம்.

— டி.சி.ய இன்னும் குடுக்காதீங்க டீச்சர். நான் பாத்துட்டுச் சொல்றேன்.

— அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு இங்கிட்டு என்னத்தடா பாப்ப?

— பாக்குறேம்மா. எறங்கணும், வைக்கிறேன்.

— டேய், இரு. அப்துல்லா? வச்சுட்டான். எப்பவும் இப்டித்தான், பாதியில வச்சுருவான். மறுபடி போட்டுப் பாக்குறேன். சுவிட்ச் ஆஃப்னு வருது.

— வேலையா இருப்பாங்க. விடுங்கக்கா.

— டீச்சர், அவன் என்ன சொன்னான்? குடுக்காதீங்கன்னுதான சொன்னான்? எங்காதுல சரியாத்தான விழுந்துச்சு?

— இன்னும் குடுக்காதீங்கன்னாங்க.

— இன்னும்னா? நாளைக்குக் குடுக்கச் சொல்லுவானோ?

— தெரியலக்கா. கேட்டாங்கள்ல, அதுவே எனக்குப் பெரிசு.

— அவன் ரொம்ப நல்லவன் டீச்சர். கொரல்லதான் வெரப்பு. ஒவ்வொரு பெருநாளைக்கும் வாரேன் வாரேம்பான். வர மாட்டான். இவ புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு பஸ்ஸப் பாப்பா. நான் வரமாட்டான்டி உள்ள வாம்பேன். காதுல வாங்கவே மாட்டா. என்ன, பஸ்ஸு போகுதா?

— நாலு மணி பஸ்ஸுக்கா. அறந்தாங்கியிலேர்ந்து வர்றது.

— நேரமாயிருச்சு, கெளம்புறேன். டீச்சர், எது எப்டி ஆனாலும் சரி, நீங்க எம்புள்ளைக்குப் பண்ணுனத நான் மறக்க மாட்டேன். அஞ்சு வக்துத் தொழுகையிலயும் ஒங்களுக்காகக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க வேற சாமி கும்புடுறவங்க. பரவாயில்லதான?

— எனக்கு எல்லாருடைய ஜெபமும் வேணுங்கக்கா. நன்றி நாந்தான் சொல்லணும். அந்த மொத நாள், செருப்பு காணாமப் போயிருச்சுன்னு நெனச்சப்ப, ஊருக்கே திரும்பிப் போயிரலாம்னுதான் நின்னேன். நெழல்ல அது இருந்ததப் பாத்துட்டு, நாளைக்கும் வருவோம்னு நெனச்சேன். அப்டித்தான் தெனம் வந்துக்கிட்டு இருக்கேன்.

— டீச்சர்! டீச்சர்! காக்கா வந்திருக்கு!

— வெரட்டிவிடும்மா ஹம்னா! தூக்கத் தட்டிவிட்டுறப் போகுது!

— காகம் இல்ல டீச்சர். அ-வுல செருப்பு நிக்கிது.